சைட்டோபிளாசம் ஓடுறத கண்ணால பாக்கலாம் வாங்க: வெங்காயம், ஹைட்ரில்லா, கொஞ்சம் பொறுமை போதும்

சென்னை பெரம்பூர்ல எங்க வீட்டு மொட்டமாடில சாயங்காலம் பசங்களுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன வருஷம் ஆறாவது படிக்கிற ஒரு பொண்ணு செல் பாடத்த ஒப்பிச்சிட்டு கடைசில ஒரு கேள்வி கேட்டா. "அக்கா, உட்கரு கட்டுப்படுத்துது, மைட்டோகாண்ட்ரியா சக்தி குடுக்குது, பசுங்கணிகம் சாப்பாடு செய்யுது, இந்த சைட்டோபிளாசம் மட்டும் என்ன பண்ணுது, சும்மா ஜெல்லி தானே?" அவ மேல தப்பே இல்ல, நம்ம எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, படத்துல வெள்ளையா விட்டிருக்கிற எடத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டு பேர் எழுதுனா ஒரு மார்க். ஆனா அந்த வெள்ளை எடத்துல தான் செல்லோட பாதி பொழப்பே நடக்குது, அது நிக்காம ஓடிட்டும் இருக்கு. மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவ அத கண்ணால பாத்துட்டா போதும், அப்புறம் மறக்கவே மறக்காது. எப்படி பாக்கிறதுன்னு வரிசையா சொல்றேன், மைக்ராஸ்கோப்ப இதுவரைக்கும் தொட்டே பாக்காதவங்களுக்கும் புரியிற மாதிரி.

முதல்ல ரெண்டே வரில அது என்னன்னு மனசுல வச்சுக்கோங்க. செல்லுக்கு வெளிய ஒரு மெல்லிய படலம், உள்ள ஒரு உட்கரு, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மொத்தமும் சைட்டோபிளாசம். அதுல சைட்டோசால்னு ஒரு கொழகொழ திரவம் இருக்கு, அதுல பெரும்பங்கு தண்ணி, மிச்சம் புரதம், உப்பு, சர்க்கரை இதெல்லாம். அந்த திரவத்துக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம், பசுங்கணிகம் எல்லாமும் சைட்டோபிளாசத்தோட கணக்கு தான். இலங்கைத் தமிழ் புக்குல இதுக்கு குழியவுருன்னு பேரு, எனக்கு அந்த வார்த்தை ரொம்ப பிடிக்கும், ஆனா நம்ம பசங்களுக்கு பரிட்சைல வர்றது சைட்டோபிளாசம் தான் அதனால அதையே எழுதுறேன்.

என்னென்ன வேணும்னா, மைக்ராஸ்கோப் ஒண்ணு. ஸ்கூல் லேப்ல இருக்கிறதே தாராளம், சார்கிட்டயோ மிஸ்கிட்டயோ கேட்டா லஞ்ச் பிரேக்ல விடுவாங்க, கூச்சப்படாம கேளுங்க. இல்லன்னா ஃபோல்ட்ஸ்கோப்னு பேப்பர மடிச்சு செய்யிற மைக்ராஸ்கோப் இருக்கு, மனு பிரகாஷ்ங்கிற நம்ம நாட்டு விஞ்ஞானி அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில அவர் டீமோட சேந்து செஞ்சது, 2014ல அத பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு, சுமார் 140 மடங்கு பெருசாக்கி காட்டும், போன் கேமராவ அது மேல வச்சும் பாக்கலாம். அப்புறம் கண்ணாடி ஸ்லைடு, கவர் ஸ்லிப். இது பாரிமுனை பக்கம் லேப் சாமான் விக்கிற கடைங்கள்ல பெட்டியா கிடைக்கும், கவர் ஸ்லிப் ரொம்ப மெல்லிசு, பஸ்ல வரும்போது பைக்குள்ள அடில போட்டு நசுக்கிடாதீங்க. புருவத்துல முடி எடுக்கிற சின்ன இடுக்கி ஒண்ணு, டிஷ்யூ பேப்பர், மெடிக்கல் ஷாப்ல காயத்துக்கு விக்கிற போவிடோன் அயோடின் மருந்து, சமையல் உப்பு. கடைசியா ஹைட்ரில்லாங்கிற தண்ணிச் செடியும் மெத்திலீன் புளூங்கிற நீலச் சாயமும். இந்த ரெண்டுக்கும் லேப் கடைய தேட வேணாம், கொளத்தூர்ல கலர் மீன் விக்கிற கடைங்க வரிசையா இருக்குல்ல, அங்கயே ரெண்டும் கிடைக்கும், ஏன்னா மெத்திலீன் புளூ மீனுக்கு பூஞ்சை வந்தா தொட்டில ஊத்துற மருந்து.

ஹைட்ரில்லா வாங்கும்போது ஒரு விஷயம், கடைல வாட்டர் பிளான்ட் குடுங்கன்னா கைக்கு வந்தத குடுத்துடுவாங்க. நான் முதல் தடவ வாங்குனது கபோம்பா, இலை எறகு மாதிரி பிரிஞ்சு பிரிஞ்சு இருக்கும், இந்த வேலைக்கு சரிப்படாது. ஹைட்ரில்லான்னா தண்டு சுத்தி ஒரே எடத்துல நாலஞ்சு குட்டி இலை குடை விரிச்ச மாதிரி இருக்கும், இலை ஓரத்துல பல்லு பல்லா இருக்கும், விரல்ல உருவுனா லேசா சொரசொரன்னு தெரியும். அது இல்லன்னா வாலிஸ்னேரியா, ரிப்பன் மாதிரி நீளமா இருக்கிறது, அதுவும் அருமையா வேலை செய்யும். ஏரி குளத்துல இறங்கி பறிக்கலாம்னு மட்டும் பசங்க போகாதீங்க. வீட்டுக்கு கொண்டு வந்து மெட்ரோ வாட்டர்ல நேரா போட்டா குளோரின் ஒத்துக்காம போகலாம், ஒரு ராத்திரி பக்கெட்ல புடிச்சு வச்ச தண்ணில போட்டு ஜன்னல் ஓரமா வைங்க.

மைக்ராஸ்கோப்ல கைய வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு முட்டைய தட்டுல ஒடச்சு ஊத்துங்க. (முட்டை சேக்காத வீடா இருந்தா இத தாண்டிடுங்க, பரவால்ல.) இத ஏன் சொல்றேன்னா, மஞ்சக்கரு தான் உட்கரு வெள்ளைக்கரு தான் சைட்டோபிளாசம்னு நெறைய எடத்துல சொல்லிக் குடுக்கிறாங்க, பேர்லயே கருன்னு வர்றதால பசங்களும் அப்படியே நம்பிடுறாங்க. அது தப்பு. மஞ்சக்கரு முழுசும் சேந்து தான் ஒரே ஒரு செல், கண்ணுக்கு தெரியிற அளவு பெரிய செல். வெள்ளைக்கரு அந்த செல்லுக்கு வெளிய கோழி உடம்பு சுத்தி விட்ட புரதமும் தண்ணியும், செல்லுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. மஞ்சக்கருவ மெதுவா திருப்பி பாருங்க, மேல வெளுப்பா ரெண்டு மூணு மில்லிமீட்டர்ல ஒரு புள்ளி தெரியும். சேமிச்சு வச்ச சாப்பாடு அதிகம் கலக்காத சைட்டோபிளாசம் அந்த குட்டி புள்ளில தான் இருக்கு, உட்கருவோட மரபுப்பொருளும் அங்க தான். மத்த மஞ்சள் எல்லாம் குஞ்சு வளர்றதுக்கு கட்டிக் குடுத்த சாப்பாடு. சைட்டோபிளாசம் சாப்பாட்ட சேத்து வைக்கிற எடமும் தான்னு புக்ல ஒரு வரி வரும்ல, அது இது தான்.

இப்ப வெங்காயம். பெரிய வெங்காயத்த நாலா நறுக்கி உள் பக்கத்து இதழ் ஒண்ண எடுத்து, குழிஞ்ச பக்கம் உங்கள பாத்த மாதிரி புடிச்சு டக்குனு ஒடச்சு இழுத்தா பாலித்தீன் மாதிரி ஒரு தோல் உரிஞ்சு வரும். அத சுருங்காம ஸ்லைடுல ஒரு சொட்டு தண்ணில விரிச்சு போடுங்க. அயோடின் மருந்துல ரெண்டு சொட்டு எடுத்து தண்ணில கலந்து டீ டிகாஷன் நெறத்துக்கு வந்ததும் அதுல ஒரு சொட்டு விட்டு ரெண்டு நிமிஷம் விடுங்க. கவர் ஸ்லிப்ப நேரா மேல இருந்து போடாதீங்க, ஒரு ஓரத்த முதல்ல தண்ணில தொட வச்சு சாய்ச்சு மெதுவா எறக்கணும், இல்லன்னா காத்து குமிழி மாட்டிக்கும். புதுசா பாக்கிறவங்க நூத்துக்கு நூறு பேரும் முதல்ல "ஐ செல்லு செல்லு"ன்னு கத்துறது இந்த குமிழிய பாத்து தான், சுத்தி கருப்பா தடிச்ச வளையம் போட்டு உள்ள ஒண்ணுமே இல்லாம பளிச்சுனு இருந்தா அது காத்து. செல் செங்கல் அடுக்குன மாதிரி நீளநீளமா இருக்கும்.

எப்பவும் சின்ன லென்ஸ்ல ஆரம்பிச்சு தெளிவா தெரிஞ்சதும் பெரிய லென்ஸுக்கு போங்க. கண் வைக்கிற லென்ஸ் 10, கீழ இருக்கிறது 40னா மொத்தம் 400 மடங்கு. பெரிய லென்ஸ்ல பெரிய திருகாணிய திருகவே கூடாது, லென்ஸ் ஸ்லைடுல முட்டி ஒடஞ்சிடும், சின்ன திருகாணி மட்டும் தான். செங்கல் மாதிரி செல்லுக்குள்ள உட்கரு நடுவுல இல்லாம ஓரமா சுவத்துல ஒட்டிட்டு இருக்கிறத பாருங்க. செல்லோட நடுவ பெரிய நுண்குமிழ் (வேக்குவோல்னு சொல்ற பை) ஒண்ணு தண்ணிய ரொப்பிட்டு அடைச்சுக்கிட்டு இருக்கு, அதனால சைட்டோபிளாசம் சுவரோரமா லேசான மஞ்சள்ல மணல் தூவுன மாதிரி ஒரு மெல்லிய பட்டையா ஒதுங்கி இருக்கு. படம் வரையும்போது நடு வெள்ளைய காட்டி சைட்டோபிளாசம்னு அம்பு போட்டா தாவர செல்லுல அது தப்பு, நடு நுண்குமிழோடது, அம்பு ஓரத்துல அந்த பட்டைய தொடணும். இந்த ஒரு விஷயத்துக்கே வெங்காயம் உரிச்சது வீண் போகல.

அடுத்து நம்ம கன்னத்து செல், வெங்காயத்தோட ஒப்பிட்டு பாக்கிறதுக்கு. வாய நல்லா கொப்பளிச்சிட்டு சுத்தமான ஐஸ்கிரீம் குச்சியால கன்னத்து உள்பக்கத்த லேசா தேய்ச்சு, ஸ்லைடுல தடவி, மெத்திலீன் புளூவ நல்லா தண்ணி ஊத்தி வெளுக்க வச்சு அதுல ஒரு சொட்டு. ஒருத்தர் குச்சிய இன்னொருத்தர் தொடக்கூடாது, முடிஞ்சதும் குப்பைல போட்டுட்டு ஸ்லைட பிளீச்சிங் தண்ணில ஊற வச்சு கழுவுங்க, மெத்திலீன் புளூ யூனிஃபார்ம்ல பட்டா போகவே போகாது, பழைய டீஷர்ட்டோட உக்காருங்க. இங்க செங்கல் வடிவம் இல்ல, சுவர் கிடையாது, அப்பளம் ஒடஞ்ச மாதிரி ஒழுங்கில்லாம இருக்கும், நடுவுல கருநீலமா உட்கரு, மத்த எடம் பூரா இளநீலத்துல பொடிப்பொடியா சைட்டோபிளாசம். பெரிய நுண்குமிழ் இல்லாததால முழு எடமும் இதுக்கு தான்.

இப்ப முக்கியமானதுக்கு வருவோம், இதுக்காகத்தான் இவ்வளவும். இதுவரைக்கும் சாயம் போட்டு பாத்ததுல எதுவும் நகரல. ஹைட்ரில்லாவுக்கு சாயமே வேணாம், உசுரோட பாக்கப் போறோம். காலைல வெயில் வாங்குன செடில நுனிக்கு பக்கத்துல இருக்கிற இளசான இலை ஒண்ண இடுக்கியால கிள்ளி, அதே பக்கெட் தண்ணில ஒரு சொட்டு விட்டு போட்டு, கவர் ஸ்லிப் மூடுங்க. இந்த இலைல ரெண்டே அடுக்கு செல் தான், அதனால வெட்டவோ உரிக்கவோ வேணாம், வெளிச்சம் நேரா ஊடுருவிடும். சின்ன லென்ஸ்ல நடு நரம்ப கண்டுபிடிச்சு, அதுக்கு பக்கத்துல இருக்கிற நீளமான செல்லுங்களுக்கு போயி, பெரிய லென்ஸ போடுங்க. பச்சை பச்சையா குட்டி உருண்டைங்க தெரியும், அதெல்லாம் பசுங்கணிகம்.

முதல்ல ஒண்ணும் நகராது. இங்க தான் எல்லாரும் "ஒண்ணும் தெரில கா"ன்னு எழுந்து போயிடுறாங்க. போகாதீங்க. மைக்ராஸ்கோப் வெளிச்சத்த அது மேல பட விட்டு ஒரு பத்து நிமிஷம் சும்மா இருங்க, கிள்ளுன அதிர்ச்சியும் வெளிச்சமும் சேந்து ஓட்டத்த தூண்டி விடும். நம்ம ஊர் சூடு இந்த விஷயத்துல நமக்கு ரொம்ப உதவி, ஏசி ரூம்ல பண்ணா ஓட்டம் மந்தமா இருக்கும். ஒரே செல்லுல ஒரே ஒரு பச்சை உருண்டைய மட்டும் குறி வச்சு பாத்துட்டே இருங்க. திடீர்னு அது கெளம்பும். சுவரோரமா ஊர்ந்து மூலைக்கு போயி, திரும்பி, எதிர் சுவர் வழியா வரும், அது பின்னாடியே இன்னொண்ணு, கோயில் குளத்த சுத்தி வர்ற மாதிரி எல்லாம் ஒரே திசைல. பக்கத்து செல்லுல திசை மாறி இருக்கலாம். அந்த ஆறாவது பொண்ணு இத பாத்தப்ப முதல்ல ஒரு நிமிஷம் பேசவே இல்ல, அப்புறம் கண்ண எடுக்காமலே "அக்கா இது நெஜமாவே இப்ப ஓடுதா"ன்னு மட்டும் கேட்டா.

ஒரு சந்தேகம் வரும், உருண்டைங்க ஒரே எடத்துல நின்னு நடுங்கிட்டு இருந்தா அது இந்த ஓட்டம் இல்ல. தண்ணி மூலக்கூறு எல்லா பக்கமும் இடிக்கிறதால வர்ற நடுக்கம் அது, 1827ல ராபர்ட் பிரவுன்ங்கிற தாவரவியல் விஞ்ஞானி கவனிச்சது, உசிரில்லாத தூசிலயும் அது வரும். (செல்லுல உட்கருவுக்கு 1831ல பேர் வச்சதும் இதே பிரவுன் தான்.) நமக்கு வேண்டியது ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு போற பயணம். இத முதல்ல பாத்தவர் இத்தாலிக்காரர் கோர்த்தி, 1774ல, காரான்னு ஒரு பாசில. காராவுல ஒரே செல் பல சென்டிமீட்டர் நீளம் வளரும், அதுக்குள்ள சைட்டோபிளாசம் செகண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் வரைக்கும் வேகமா போகும். அவ்வளவு நீள செல்லுல ஒரு முனைல இருக்கிற பொருள் தானா பரவி மறுமுனைக்கு போறதுக்கு நாள் கணக்கா ஆகும், அதனால ஓட்டம் இல்லாம அதால பொழைக்க முடியாது.

யார் ஓட்டுறா? பசுங்கணிகத்துக்கு நீந்தத் தெரியாது, இத கட்டாயம் புரிஞ்சுக்கோங்க, அது பயணி தான். சைட்டோபிளாசத்துக்குள்ள ஆக்டின்னு மெல்லிய புரத இழைங்க சுவரோரமா தண்டவாளம் போட்ட மாதிரி ஓடுது, அது மேல மயோசின்னு இன்னொரு புரதம் சரக்க புடிச்சுக்கிட்டு அடி வச்சு நடக்குது. கோயம்பேடு மார்க்கெட்டுக்கு விடியக்காலைல போயிருக்கீங்களா? நிக்க எடமில்லாத நெரிசல், ஆனா லோடு தூக்குறவர் தலைல மூட்டையோட வழி வழின்னு போயிட்டே இருப்பாரு, அவர் நகர நகர பக்கத்துல இருக்கிற கூட்டமும் சேந்து நகரும். செல்லுக்குள்ள நடக்கிறதும் அது தான், மயோசின் மூட்டைய இழுக்குது, சுத்தி இருக்கிற கொழகொழ திரவமும் சேந்து இழுபடுது. உள்ள அவ்வளவு நெரிசல், புரதங்க ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு இருக்கு, தளதளன்னு காலியா இருக்கிற ஜெல்லி கெடையாது. நம்ம கை மசில் சுருங்குறதும் இதே ஆக்டின் மயோசின் கூட்டணியால தான், ஹைட்ரில்லா இலைக்கும் உங்க கைக்கும் இது பொது.

ஓடுதுன்னு நிச்சயமானதும் ஸ்லைட எடுத்து ஒரு டம்ளர் ஐஸ் தண்ணி மேல ரெண்டு நிமிஷம் வச்சுட்டு, அடிப்பக்கம் தொடச்சுட்டு மறுபடி பாருங்க. ஓட்டம் அசந்து போயிருக்கும், நின்னும் போயிருக்கும். சூடு ஏற ஏற திரும்ப கெளம்பும். அது செல் செலவு பண்ணி செய்யிற வேலைன்னு இதுல இருந்து புரியும், செத்த இலைல எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஓடாது.

அந்த செலவுக்கு காசு எங்க இருந்து வருது, அதுலயும் சைட்டோபிளாசத்துக்கு பங்கு இருக்கு. குளுக்கோஸ் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள நேரா போறதில்ல. ஆறு கார்பன் இருக்கிற குளுக்கோஸ முதல்ல சைட்டோசால்ல தான் ரெண்டா ஒடைக்கிறாங்க, மூணு கார்பன் பைருவேட் ரெண்டு வரும், கூடவே நிகரமா 2 ஏ.டி.பி (செல் செலவு பண்ற காசு இந்த மூலக்கூறு தான்) கிடைக்கும், ஆக்சிஜன் தேவையே இல்ல. இதுக்கு கிளைகாலிசிஸ்னு பேரு. நம்ம ரத்த சிவப்பணுவ எடுத்துக்கோங்க, முதிர்ந்ததுல உட்கருவும் இல்ல மைட்டோகாண்ட்ரியாவும் இல்ல, படலமும் சைட்டோபிளாசமும் மட்டும் தான், உள்ள சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறு. அது சுமார் 120 நாள் உசுரோட சுத்துறது முழுக்க சைட்டோபிளாசத்துல நடக்கிற அந்த ஒரு வேலைய நம்பி தான். சும்மா ஜெல்லியான்னு கேட்டவங்களுக்கு நான் குடுக்கிற பதில் இந்த சிவப்பணு தான்.

புரதம் செய்யிறதும் இங்க தான் ஆரம்பிக்குது, உட்கருவுல இருந்து வர்ற குறிப்ப சைட்டோபிளாசத்துல இருக்கிற ரைபோசோம் படிச்சு கோக்குது. அமீபா கால் நீட்டி நகர்றது, செல் பிரியும்போது கடைசில ரெண்டா பங்கு போடுறது, இதெல்லாமும் சைட்டோபிளாசத்தோட வேலை.

இன்னொரு சோதனை நேரம் இருந்தா பண்ணுங்க. அபார்ட்மென்ட் வாசல்ல ஓரத்துல நட்டிருப்பாங்களே, இலை மேல பச்சையா அடில கத்திரிக்காய் நெறமா கத்தி மாதிரி இருக்கும், ரியோன்னு பேரு. (சாறு சில பேருக்கு அரிக்கும், முடிஞ்சதும் கைய கழுவுங்க.) அடிப்பக்கத்து தோல உரிச்சு தண்ணில பாத்தா செல் பூரா ஊதா. அடுத்து டம்ளர்ல கால் பங்கு தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் உப்பு கரைச்சு கவர் ஸ்லிப் ஒரு ஓரத்துல ஒரு சொட்டு விட்டு எதிர் ஓரத்துல டிஷ்யூவால உறிஞ்சுங்க. ஊதா சுருங்கி சுவத்த விட்டு உள்ள ஒதுங்கும். ஊதா நெறம் நுண்குமிழ்ல இருக்கு, அத சுத்தி இருக்கிற சைட்டோபிளாச பட்டையும் படலமும் சேந்து சுவத்துல இருந்து கழண்டு வருது. வெங்காயத்துல சுவரோட ஒட்டி பிரிச்சு பாக்க முடியாம இருந்தது இங்க தனியா பிரிஞ்சு தெரியும். ரொம்ப நேரம் விடாம நல்ல தண்ணி விட்டா மறுபடி விரியும்.

பரிட்சைக்கு எழுதும்போது குழப்பம் வர்ற எடம் ஒண்ணு தான், புரோட்டோபிளாசமும் சைட்டோபிளாசமும். புரோட்டோபிளாசம்ங்கிற பேர 1839ல புர்கின்யேங்கிற விஞ்ஞானி வச்சாரு, செல்லுல உசுருள்ள பொருள் மொத்தத்துக்கும். 1863ல கோலிக்கர்ங்கிற இன்னொரு விஞ்ஞானி சைட்டோபிளாசம்னு சொன்னப்ப அதுவும் கிட்டத்தட்ட அதே அர்த்தத்துல தான் இருந்துச்சு, அப்புறம் தான் உட்கருவ விட்டுட்டு மிச்சத்துக்கு மட்டும்னு ஆச்சு. அதனால உட்கருவையும் சேத்தா புரோட்டோபிளாசம், சேக்கலன்னா சைட்டோபிளாசம், மைட்டோகாண்ட்ரியா, பசுங்கணிகம் மாதிரி நுண்ணுறுப்ப எல்லாம் எடுத்துட்டு திரவத்த மட்டும் சொன்னா சைட்டோசால். பாக்டீரியாவுல உட்கருவே இல்லாததால டி.என்.ஏ.வும் சைட்டோபிளாசத்துலயே கெடக்கும்.

எல்லாம் முடிஞ்சதும் மிச்சம் இருக்கிற ஹைட்ரில்லாவ சாக்கடைலயோ ஏரிலயோ கொட்டாதீங்க, ஒடஞ்ச துண்டு ஒவ்வொண்ணும் தனியா வளந்து அடைச்சுக்கும். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல தண்ணியோட ஜன்னல்ல வச்சு, வாரம் ஒரு தடவ பாதி தண்ணிய மாத்துனா மாசக்கணக்கா இருக்கும், யார் வந்து கேட்டாலும் ஒரு இலைய கிள்ளி காட்டலாம்.